தசைப்பிடிப்பு என்று சொல்லி மூன்று கிழமை போனது

இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பழகும்போது, 100 மீற்றர் ஓட்டத்தின் நடுவில் மகன் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். வயது 14. "அம்மா, பின்னுக்கு ஏதோ டக் எண்டு கேட்டது" என்றான். அந்தச் சொல்லை நான் அன்றே பிடித்திருக்க வேண்டும்.

பின்னேரம் காட்டிய டொக்டர் தொடையைத் தடவிப் பார்த்தார், தொடையை மட்டும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் ஒன்றுமில்லை. "தசைப்பிடிப்பு, ஒரு கிழமையில் சரியாகும்." சத்தம் கேட்டதை அவர் விசாரிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டில் அம்மம்மா நல்லெண்ணெய் சூடாக்கி உருவி, காலை நீட்டி இழுத்தும் விட்டார். பிள்ளை கதறினான். பாசத்தில் செய்ததுதான், ஆனால் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். புதுக் காயத்தை உருவினால் உள்ளே இரத்தக்கசிவு கூடும்.

பத்து நாளாகியும் அவன் சோற்றுக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நின்றுதான் சாப்பிட்டான். கதிரையில் இருந்தால் இடப்பக்கம் சரிந்து, வலப்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே இருப்பான். தொடை நோவென்றால் ஏன் இருக்க முடியவில்லை? அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

எலும்பு கிளினிக்குக்கு விடிய ஐந்தரைக்கே சுன்னாகத்திலிருந்து ஓட்டோவில் போனோம். காங்கேசன்துறை வீதியில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் கையை நெரித்தான். இலக்கம் எடுத்து மூன்று மணித்தியாலம் காத்திருந்தபின், துண்டு பார்த்தவர் "பழைய படம் எங்கே? அடுத்த கிளினிக்குக்கு வாங்கோ" என்று திருப்பி அனுப்பினார். படம் வீட்டு அலுமாரியில் கிடந்தது. இன்னொரு கிழமை போனது. படம், மருந்துத் துண்டு எல்லாவற்றையும் முதல் நாளே ஒரே பையில் போட்டு வையுங்கள்.

அடுத்த முறை பார்த்த டொக்டர் அவனைக் குப்புறப் படுக்கவிட்டு, முழங்காலை மடக்கித் தன் கைக்கு எதிராகத் தள்ளச் சொன்னார். பிறகு நாம் இருக்கும்போது நிலத்தில் படுகிற எலும்பில் ஒரு விரலால் அழுத்தினார். அவன் துள்ளினான். "அம்மா, இது தொடைப் படத்தில தெரியாது, இடுப்பை எடுக்கவேணும்" என்றார். இரண்டு பக்கமும் ஒரே படத்தில். வலப்பக்கம் பிறை போல ஒரு எலும்புத் துண்டு கழன்று நின்றது.

வளர்கிற பிள்ளைகளுக்குத் தசைநாரைவிட அது பிடித்திருக்கும் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு இன்னும் வளர்கிற குருத்தெலும்புப் பகுதிதான் பலவீனமாம். பெரியவர்களுக்குத் தசை கிழியும் இடத்தில் இவர்களுக்கு எலும்பே பிய்ந்து வந்துவிடும். இடைவெளி ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு என்பதால் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்கு விலகியிருந்தால்தான் அதைப் பற்றி யோசிப்பார்களாம். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் மூன்று கிழமை ஊன்றுகோல், பிறகு பிசியோ. குனிந்து கால்விரலைத் தொடுகிற பயிற்சி ஆரம்பத்தில் அறவே கூடாது. நோவு குறைந்ததும் ஓடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். மூன்று மாதம் ஓட்டம் இல்லை என்று எழுதிய துண்டைப் பள்ளிக்கூடத்திலும் கொடுத்து வைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை சாமியறையில் தேவாரம் படிக்கும்போது திரும்பிப் பார்த்தேன். பாயில் சம்மணம் போட்டு, இரண்டு பக்கமும் சமனாக இருந்தான்.