தற்காவல் கிடைத்த பிறகு

தமிழ் விக்கிப்பீடியாவில் எனக்குத் தற்காவல் உரிமை வழங்கப்பட்டதாகப் என் பேச்சுப் பக்கத்தில் செய்தி வந்த அன்று, பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் அதை விளக்கிச் சொல்ல நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சம்பளம் உண்டா என்று அம்மா கேட்டார். இல்லை என்றேன். பிறகு என்ன அதிகாரம் என்றார். நான் உருவாக்கும் பக்கங்களை இனி வேறொருவர் சரிபார்க்கத் தேவையில்லை, அவை தாமாகவே சரிபார்க்கப்பட்டவையாகக் குறிக்கப்படும் என்றேன். "அப்படியானால் நீ தப்பு செய்தால் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு அவர் அடுக்களைக்குப் போய்விட்டார்.

இணையச் சமூகங்கள் நம்பிக்கையை அளக்கும் விதம் இடத்துக்கு இடம் மாறுகிறது. நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் புள்ளிக் கணக்குதான் பேசும்: 2,000 புள்ளிகள் சேர்ந்தால் பிறர் எழுதியதை யாருடைய ஒப்புதலுமின்றித் திருத்தலாம்; 10,000 சேர்ந்தால் நீக்கப்பட்ட பதிவுகளும் கண்ணுக்குத் தெரியும். ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கி 4 நாட்களும் 10 தொகுப்புகளும் (அதாவது திருத்தங்களும்) ஆனவுடன் உரிமைகளின் முதல் படிக்கு இயந்திரமே ஏற்றிவிடும். 30 நாட்களும் 500 தொகுப்புகளும் ஆனால் அடுத்த படி. அதற்கு மேலுள்ள உரிமைகளை மனிதர்கள் பார்த்துத்தான் தருகிறார்கள். பக்கத்தை நீக்கவும் பூட்டவும் பயனரைத் தடை செய்யவும் வல்ல நிர்வாகியைச் சமூகம் கூடிப் பேசித் தேர்ந்தெடுக்கிறது. ஆங்கிலத்தில் அவர்களுக்குரிய சின்னம் தரை துடைக்கும் மாப்பு, நாற்காலி அல்ல. ஒரு கட்டுரையில் எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை நிர்வாகிக்கும் கிடையாது.

இவையெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் அம்மாவின் கேள்விக்கு விடை தெரிய ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. எங்கள் சித்தூரைப் பற்றி (ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர், இந்தக் குழப்பத்தை விளக்கியே எனக்கு வயதாகிவிட்டது) ஒரு பக்கம் எழுதியபோது, 1956-க்கு முன் அது சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது என்று குறித்துவிட்டேன். பாலக்காடு மலபாரில் இருந்ததால் பக்கத்திலுள்ள சித்தூரும் அங்கேதான் இருந்திருக்கும் என்ற அசட்டுத் துணிச்சல். உண்மையில் சித்தூர் கொச்சி அரசைச் சேர்ந்தது. 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்து, 1956-இல் கேரளத்துக்குள் வந்தது. உள்ளூர்க்காரனான நான் எழுதியது, தற்காவல் முத்திரையோடு பதினொரு மாதங்கள் அப்படியே கிடந்தது. புதியவர் ஒருவர் எழுதியிருந்தால், புதிய பக்கங்களைச் சரிபார்க்கும் சுற்றுக்காவல் செய்வோரில் யாராவது அந்த வரிக்குச் சான்று கேட்டிருப்பார்கள்.

திருத்தியவர் கணக்குகூட இல்லாத ஒருவர். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஐ.பி. முகவரி எண்கள் மட்டுமே இருந்தன. ஏன் மாற்றினார் என்ற குறிப்பும் இல்லை. அதற்குள் எனக்கு முன்னிலையாக்கல் உரிமையும் வந்திருந்தது. ஒருவர் அடுத்தடுத்துச் செய்த தொகுப்புகள் அனைத்தையும் ஒரே சொடுக்கில், காரணம் எழுதாமலே அழித்துவிடும் கருவி அது. வேண்டுமென்றே பக்கத்தைக் கெடுக்கும் விசமத்தொகுப்புகள் போன்றவற்றுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. விதி மனப்பாடமாக இருந்தும், என் சொந்தப் பக்கத்தில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று பட்டதும் நான் சொடுக்கிவிட்டேன். அன்றிரவு ஏதோ உறுத்தவே, வீட்டிலிருந்த பழைய மலையாளப் பாடநூலை எடுத்துப் பார்த்த பிறகுதான் அவருடைய திருத்தத்தை மீட்டு, அந்த எண்களுக்குரிய பேச்சுப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டேன். பதில் வரவில்லை. அவர் அதைப் பார்த்திருக்கவும் வாய்ப்பில்லை. அடுத்த முறை இணையத்தில் நுழையும்போது அவருடைய எண் மாறியிருக்கலாம்.

ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் வரலாறு பக்கத்தில் மூன்று வரிகளும் இன்றும் இருக்கின்றன: அவருடைய திருத்தம், என் அழிப்பு, என் மீட்பு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தற்காவல் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகி ஒருவரிடம் கேட்டேன். எடுத்துவிடலாம், ஆனால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் வேறு யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும், இருப்பதோ சில பேர்தான் என்றார். அதுவும் நியாயம்தான். கோரிக்கையை இன்னும் முறைப்படி வைக்கவில்லை. முன்னிலையாக்கல் உரிமையை மட்டும் விட்டுவிட்டேன்.