கங்கா தலாவுக்குள் சில ஞாயிறுகள்

பிப்ரவரி 28, 2025, வெள்ளி

சிவராத்திரி முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் கரான்ஸ் புயல். பக்கத்துத் தீவான ரீயூனியனை இன்று நேராக அடித்துவிட்டது, மொரீஷியஸுக்குக் கிடைத்தது அதன் ஓரம்தான். நான் ரோஸ்ஹில் வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கங்கா தலாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். லட்சக்கணக்கான பேர் நடந்து வந்து பூவும் பழமும் பாலும் விட்டுப் போன ஏரி அது, கரையில் மிச்சம் கிடந்ததையும் இந்தக் காற்று உள்ளே தள்ளியிருக்கும்.

ஏரிக்குள் முங்கி, அடியில் கிடக்கிற குப்பையை அள்ளப் போகிறோம். ஞாயிறு காலையில் மட்டும் இறங்கலாம், பூஜை நடக்கிற படித்துறைப் பக்கம் வரக்கூடாது, இதுதான் நிபந்தனை. நாங்கள் ஆறு பேர். எங்களுக்கு மூத்தவர் இந்த ஊர்த் தமிழர், ஃப்ளிக் அன் ஃபிளாக் கடற்கரையில் எனக்கு ஸ்கூபா கற்றுக்கொடுத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார், மற்றதெல்லாம் பாதி இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்.

மார்ச் 9, ஞாயிறு

தண்ணீரில் கால்கூட வைக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். நேற்றுக் கடலில் இருபது மீட்டர் ஆழம் வரை போய்வந்ததைப் பெருமையாகச் சொன்னேன், அண்ணன் உடனே "அப்படியானால் நீ கயிறு பிடி" என்றுவிட்டார். ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலில் முங்கி எழுந்தவன் உடம்பில் நைட்ரஜன் கரைந்து தங்கியிருக்கும். காற்றழுத்தம் குறைவான மேட்டுக்கு வந்தால் அது குமிழாகப் பிரியப் பார்க்கும், அதோடு இன்னொரு முறை முங்கினால் ஆபத்து கூடும். 300 மீட்டர் தாண்டினாலே தனிக் கணக்கு போட வேண்டும் என்று பாடத்தில் படித்ததுதான், கார் மலையேறும்போது ஞாபகம் வரவில்லை.

சரி, கயிறு பிடித்தேன். எங்கள் தூத்துக்குடியில் முத்துக் குளிக்கிறவனுக்குக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள், தங்கை தாலி அவன் கையில் இருப்பதால் விட்டுவிட மாட்டானாம். கீழே போன பையனுக்கு நான் மச்சான் முறை இல்லை, ஆனாலும் இரண்டு மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை. ஒரு இழுப்பு, நலம். இரண்டு, பை நிறைந்துவிட்டது. நாலு என்றால் ஆளையே இழு.

முதல் பை மேலே வந்ததும் குரங்குகள் வந்துவிட்டன. அழுகின தேங்காய்க்கு அப்படி ஒரு சண்டை. அவற்றை விரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், நெற்றி நிறையத் திருநீறு. காவடிக்கு மட்டுமல்ல, சிவராத்திரிக்கும் தவறாமல் வருவாராம். பையைப் பார்த்தார், கிரியோலில் கேட்டார். தமிழில் சொன்னால்: "கொடுத்ததைத் திருப்பி எடுக்கிறீர்களே, சாமிக்கு என்ன மரியாதை?"

அப்போதுதான் கரையேறிய அண்ணன் முகமூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "வீட்டில் பூஜை முடிந்தால் நிர்மால்யத்தை எடுத்துவிடுகிறோம் இல்லையா அம்மா, அது மாதிரிதான்."

"எடுத்து எங்கே விடுவோம்? ஓடுற தண்ணியில்தானே?"

அண்ணனிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. இது எரிமலை வாயில் தேங்கிய தண்ணீர், ஆறு மாதிரி அடித்துக்கொண்டு போகாது என்ற பதில் காரில் திரும்பும்போதுதான் வந்தது. அதுவும் முழுப் பதில் இல்லை. 1972-ல் கங்கை நீரைக் கொண்டுவந்து இதில் கலந்தார்கள். அதை அறிந்தவர்களுக்கு இது கங்கையேதான், அவர்களிடம் எரிமலைப் பாடம் எடுத்து என்ன பயன்.

மார்ச் 12, புதன்

மொரீஷியஸ் சுதந்திர தின விடுமுறை. மிதக்காமல் முங்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயக்கட்டிகளை எண்ணினேன். கடலில் எனக்கு 8 கிலோ, உப்பில்லாத தண்ணீர் அவ்வளவாகத் தூக்காது என்பதால் ஏரிக்கு 6 போதும். ஃபின்ஸ் என்கிற கால்துடுப்பு, உடை எல்லாவற்றையும் அலசிக் காயப்போட்டேன். வேறு குளத்துப் பாசியோ ஆகாயத்தாமரைத் துண்டோ என் காலணியில் ஒட்டிக்கொண்டு அங்கே போய் முளைக்கக்கூடாது.

மார்ச் 16, ஞாயிறு

இறங்கினேன்.

மேலே 33 மீட்டர் உயரச் சிலையாகச் சிவன் வானத்தில் நிற்கிறார், கீழே என் முழங்கைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. 23 டிகிரி. வெயில் காலக் கடலுக்குப் பழகியவனுக்குக் கழுத்து வழியாக ஐஸ் ஊற்றினது போல இருந்தது. அடிச் சேறு மாவு மாதிரி, ஃபின்ஸ் ஒரு தட்டுத் தட்டினால் போச்சு, பத்து நிமிடத்துக்கு ஒரே பழுப்பு. தலை கீழே, கால் மேலே என்று கிட்டத்தட்டத் தலைகீழாக மிதந்துகொண்டு விரலால்தான் தேட வேண்டும். "டூஸ்மாங், டூஸ்மாங்" என்று அண்ணன் ஏன் ஓயாமல் சொன்னார் என்று அங்கே புரிந்தது, மெதுவாக என்று அர்த்தம்.

கைக்குப் பட்டவை: அலுமினியத் தாள், ஊதுபத்திப் பெட்டியின் பிளாஸ்டிக் உறை, பால் டப்பா, கண்ணாடி பாட்டில், மண்டை ஓடு என்று நினைத்து நெஞ்சை அடைக்கவைத்த தேங்காய் மூடி. ஒரு சிவப்புத் துணி பாசியோடு முறுக்கிக்கொண்டு கிடந்தது, இழுத்தேன், அது என் சிலிண்டர் வால்வில் சுற்றிக்கொண்டது. பயந்து காலை உதைத்தேன், எல்லாம் பழுப்பு. நாலு இழுப்பு கொடுக்க இருந்தேன். பக்கத்தில் இருந்த பையன் தடவியே அவிழ்த்துவிட்டான்.

பழுப்பு அடங்கும்போது ஒரு விலாங்கு கையை உரசிப் போனது, தொடை கனம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்பார்களே, எனக்கு நடு உடம்பை மட்டும் காட்டியது.

அப்புறம் ஒரு நாணயம். கட்டைவிரலால் சேற்றைத் துடைத்தால் இப்போதைய காசில் இருக்கிற முதல் பிரதமர் ராம்கூலம் இல்லை, கிரீடத்தோடு எலிசபெத் ராணி. 1987-க்கு முன்னால் வந்த காசு. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு, காசில் கிடையாது. ஆனாலும் தமிழ் ஆள் எவரோ வேண்டிக்கொண்டு போட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது. காசு எடுப்பதில்லை என்பது எங்கள் விதி. இருந்த குழியிலேயே வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

இடுப்பு வலி. அலுவலகத்தில் "ஏரியில் என்னப்பா கிடைத்தது, தங்கமா?" என்று கேட்டார்கள். குப்பை என்றேன். சொன்ன பிறகு அந்த அம்மா ஞாபகம் வந்து ஒரு மாதிரி இருந்தது. பிளாஸ்டிக், கண்ணாடி, துணியில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூவும் தேங்காயும் பாலும் அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், விலாங்குக்கு மூச்சு வேண்டும், ஆகவே அதிலும் இல்லை. கை உடைந்த சின்னப் பிள்ளையார் ஒன்று கிடக்கிறது, அதில்தான் ஆறு பேருக்கும் ஆறு அபிப்பிராயம்.

மார்ச் 23, ஞாயிறு

பிள்ளையாரை எடுக்கவில்லை. களிமண்ணாக இருந்தால் தானே கரையட்டும், பிளாஸ்டர் என்றால் பூசாரியைக் கேட்டுவிட்டு எடுக்கலாம் என்று முடிவு. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருக்கிறது.

இன்று பைகளை எடை போட்டோம், 41 கிலோ. பாதி தண்ணீரும் சேறும்தான், எனவே அந்த எண்ணை யாரிடமும் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

அந்த அம்மா மறுபடி வந்தார், இந்த முறை தெர்மாஸில் எங்களுக்கு டீ. எங்களோடு சமாதானம் ஆகிவிட்டார் என்று நினைத்தேன். டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கேட்காமலேயே ஒரு பையைக் கவிழ்த்தார், குச்சியால் கிளறினார், பிளாஸ்டிக்கை ஒரு பக்கம் ஒதுக்கினார். நாங்கள் தெரியாமல் அள்ளிப் போட்டிருந்த இரண்டு மண் அகலைப் பொறுக்கி முந்தானையால் துடைத்து, படியில் மெதுவாக இறங்கித் தண்ணீருக்குள் விட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "அடுத்த வாரம் அகலைப் பார்த்து எடு, தம்பி."