கல்பாசியைச் சீவிப் பார்த்தேன்

செட்டிநாட்டுக் குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசி வெறும் பாசி இல்லை, லைக்கன் என்று தெரிந்த நாளிலிருந்தே அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட ஆசை. ஒரு பூஞ்சையும் பாசியும் ஒரே உடலாகக் கூடி வாழ்வதுதான் லைக்கன். வீட்டில் பழைய மாணவர் மைக்ராஸ்கோப் ஒன்று இருந்ததால் துணிந்து இறங்கினேன்.

முதல் நாள் ஒரு பொட்டலத்தைத் தட்டில் கொட்டிப் பிரித்தேன். கடையில் கிடைப்பது பல இனங்கள் கலந்தது. அகலமான மடலும், சாம்பல் நிற மேல்புறமும், கறுத்த அடிப்புறமும் உள்ள துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். இவை பார்மோட்ரீமா பேரினம். தண்ணீர் தெளித்ததும் சாம்பல் நிறம் மங்கிப் பச்சை தெரிந்தது. மேல்தோல் நனைந்தால் ஒளி உள்ளே போகும், அடியிலிருக்கும் பாசி வெளியே தெரியும். வெறும் கண்ணுக்கே இவ்வளவு தெரிகிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

வெட்டுவதுதான் பாடுபடுத்தியது. அதிகம் ஊறிய துண்டு பிளேடுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனது. காய்ந்ததோ நொறுங்கியது. அப்புறம் ஒரு கேரட் துண்டைப் பாதி வரை பிளந்து, லேசாக ஈரமாக்கிய கல்பாசியை நடுவில் செருகி, இரண்டையும் சேர்த்தே மெல்லச் சீவினேன். இருபது சீவலில் இரண்டுதான் தேறின. அந்த இரண்டு போதும்.

100 மடங்கில் வைத்தபோது மேலே அடர்த்தியான தோல். அதற்கு நேர் கீழே ஒற்றைப் பச்சைக் கோடு. அதற்கும் கீழே பஞ்சு போல வெள்ளை இழைகள், கடைசியில் கறுப்புத் தோல். அந்தப் பச்சைக் கோட்டைத் தவிர மற்றதெல்லாம் பூஞ்சை! 400க்குப் போனால் கோடு உருண்டை உருண்டையான செல்களாகப் பிரிகிறது. ட்ரிபாக்சியா என்ற பாசி இது. வெயிலில் சமைத்த உணவை ரிபிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலாகப் பூஞ்சைக்குக் கொடுக்கிறது; பூஞ்சை அதை மானிட்டால் என்ற வேறொரு சர்க்கரை ஆல்கஹாலாக மாற்றிக்கொள்கிறது.

லைக்கன் என்பது இரண்டு உயிர்கள் என்று 1860களில் சொன்னவர் சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர். அன்றைய லைக்கன் அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. பூஞ்சை எஜமான், பாசிகள் அடிமைகள் என்று அவர் வர்ணித்தார். பச்சைக் கோட்டை இழைகள் சூழ்ந்து பிடித்திருப்பதைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் நேற்று மடல் ஓரத்தில் படிந்திருந்த மாவு போன்ற தூளை ஊசியால் தட்டிக் கண்ணாடியில் போட்டேன். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி நூல்கண்டு. உள்ளே சில பச்சைச் செல்கள், சுற்றிலும் பூஞ்சை இழை. காற்றிலோ மழைத்துளியிலோ இது வேறு மரத்துக்குப் போய் ஒட்டினால் அங்கே புது லைக்கன். புது இடத்துக்குப் போகும்போதும் பூஞ்சை பாசியைக் கூடவே கட்டிக்கொண்டு போகிறது. பாசி இல்லாமல் இந்தப் பூஞ்சைக்கு இயற்கையில் பிழைப்பே இல்லை. இதை எஜமான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரை மணி நேரம் அந்தத் துகள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது கொலீமா. நனைந்தால் ஜெல்லி போல உப்பும் கறுப்பு லைக்கன் அது. அதில் பாசிக்குப் பதில் நாஸ்டாக் என்ற சயனோபாக்டீரியா, அதாவது பாசி போலவே வெயிலில் உணவு சமைக்கும் பாக்டீரியா. அதன் சங்கிலிகள் அடுக்காக நிற்காமல் உடல் முழுக்கப் பரவிக் கிடக்குமாம். மழை தொடங்கட்டும், கேரட்டும் பிளேடும் தயார்.