மூன்று மதிப்பெண்ணுக்கு மூன்று வரி: ஏ லெவல் கெமிஸ்ட்ரி படித்த கதை

ஆகஸ்ட் மாதம், ஊர்ப் பத்தாவது பொதுத்தேர்வு மாதிரி இங்கிலாந்தில் இருக்கும் ஜிசிஎஸ்இ-யின் ரிசல்ட் வந்த வாரத்தில் தெரிந்தவர்கள் யாராவது போன் செய்துவிடுவார்கள். "பாப்பாவுக்கு சயின்ஸில் ஒன்பதுக்கு எட்டு கிரேடு வந்திருக்கும்மா. சிக்ஸ்த் ஃபார்மில் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன்னு நிக்கிறா. ரொம்பக் கஷ்டமா இருக்குமா?" கஷ்டம்தான். ஆனால் பயப்படுகிற இடத்தில் கஷ்டம் இல்லை, வேறு எங்கேயோ இருக்கிறது. அதைப் போனில் சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் கதை சுருக்கமாக: திருச்சியில் ஒன்பதாவது முடித்த கையோடு, அம்மாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்து லண்டன் வந்தோம். இரண்டு வருடம் ஜிசிஎஸ்இ. 2022 செப்டம்பரில் சிக்ஸ்த் ஃபார்ம். ஊரில் பதினொன்று, பன்னிரண்டு என்பதை இங்கே இயர் 12, இயர் 13 என்பார்கள். அந்த இரண்டு வருடமும் சேர்ந்ததுதான் சிக்ஸ்த் ஃபார்ம், முடிவில் எழுதும் தேர்வு ஏ லெவல். பெரும்பாலும் மூன்றே பாடம்தான் எடுப்பார்கள். நான் எடுத்தது கெமிஸ்ட்ரி, பயாலஜி, சைக்காலஜி. மேத்ஸ் எடுக்கவில்லை. அதற்கான தண்டனையைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று பாடம்தானே என்று திருச்சியில் இருக்கும் அத்தை மகன் சிரித்தான். அவன் அதே வருடம் ப்ளஸ் ஒன் சேர்ந்திருந்தான், அவனுக்கு ஆறு பாடம். நானும் அப்படித்தான் நினைத்தேன். டைம் டேபிளில் பாதிக் கட்டம் காலியாக இருந்தது, ஃப்ரீ பீரியடாம். முதல் இரண்டு மாதம் அந்த ஃப்ரீ பீரியடெல்லாம் காமன் ரூமில் சிப்ஸ் பாக்கெட்டோடு போனது. வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்தினால் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்று முதல் நாளே சொன்னார்கள். சும்மா சொல்லிவைப்பது என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரத்தில் ஆசிரியை பலகையில் 2, 8, 8 என்று எழுதி, நாங்கள் தலையாட்டியதும் அழித்துவிட்டார். எலக்ட்ரான்கள் வட்டப்பாதையில் சுற்றுகின்றன என்று அதுவரை படித்தது போதும், இனி எஸ், பி, டி ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான் இருக்க அதிக வாய்ப்புள்ள இடங்கள், என்றார். 3டி-க்கு முன்னால் 4எஸ் நிரம்பும், ஆனால் அயனியாகும்போது 4எஸ்தான் முதலில் காலியாகும். குரோமியமும் காப்பரும் மட்டும் அந்த வரிசைக்கும் அடங்காது. சரி, இதெல்லாம் மனப்பாடம் செய்தால் வந்துவிடும். மனப்பாடத்தில் திருச்சிப் பிள்ளையை யார் அடிக்க முடியும்?

நவம்பரில் முதல் டெஸ்ட். நூற்றுக்கு 43.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு கேள்வி: மக்னீசியத்தைவிட அலுமினியத்தின் முதல் அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றல்) குறைவாக இருப்பது ஏன்? மூன்று மதிப்பெண். எனக்கு இந்தப் பாடம் தலைகீழாகத் தெரியும். அயனியாக்கும் ஆற்றல் என்றால் என்ன, ஆவர்த்தன அட்டவணையில் இடமிருந்து வலம் போகும்போது அது ஏன் கூடுகிறது, மேலிருந்து கீழே வரும்போது ஏன் குறைகிறது என்று எல்லாம் எழுதி, கொடுத்த கோடுகள் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தேன். கிடைத்தது பூஜ்யம்.

ஆசிரியை எழுதிக் காட்டிய விடை மூன்றே வரி. மக்னீசியத்தில் வெளியேறும் எலக்ட்ரான் 3எஸ்-இல் இருக்கிறது. அலுமினியத்தில் 3பி-இல் இருக்கிறது. 3பி-இன் ஆற்றல் 3எஸ்-ஐவிட அதிகம், அதனால் அதைப் பிரித்தெடுக்கக் குறைந்த ஆற்றல் போதும். அவ்வளவுதான். மக்னீசியத்துக்கு மோலுக்கு (மோல் என்பது அணுக்களை எண்ணும் அலகு) 738 கிலோஜூல், அலுமினியத்துக்கு 578. பொதுவிதி சொல்வதற்கு நேர்மாறாக நடக்கும் இடம் இது. அதனால்தான் கேட்கிறார்கள். நானோ அந்தப் பொதுவிதியையே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன்.

"இவ்வளவு எழுதியிருக்கேனே மிஸ், ஒரு மார்க்காவது..." என்று இழுத்தேன். அப்போதுதான் அவர் மதிப்பீட்டுக் குறிப்பை, அதாவது மார்க் ஸ்கீமை, காட்டினார். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் எதை ஏற்கலாம், எதைக் கண்டுகொள்ள வேண்டாம், எதை நிராகரிக்க வேண்டும் என்று இருந்தது. சரியான விடையோடு ஒரு தவறான விடையையும் சேர்த்து எழுதினால் சரியானதற்கும் மதிப்பெண் போய்விடும். ஊரில் தெரிந்ததையெல்லாம் எழுதி வைத்தால் திருத்துகிறவர் தேடி எடுத்துக்கொள்வார் என்ற நம்பிக்கை உண்டு. இங்கே அது கையைச் சுட்டுவிடும்.

அன்றிலிருந்து கேள்வியில் இருக்கும் மதிப்பெண்ணை முதலில் பார்ப்பேன். மூன்று என்றால் மூன்று கருத்து. எழுதியபின் மதிப்பெண் தரும் ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி விழாத வரி வெட்டி வரி. இதைப் பழக ஆறு மாதம் ஆயிற்று. பழைய வினாத்தாள்களும் மார்க் ஸ்கீமும் தேர்வு வாரியங்களின் தளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் டியூஷன் வைக்கச் சொன்னார்கள். விசாரித்தால் மணிக்கு நாற்பது பவுண்ட். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டேன். பின்னால் யோசித்தால், டியூஷனில் செய்யப்போவதும் அதே பழைய தாள்களைத்தான்.

எங்கள் பள்ளி ஏக்யூஏ வாரியம். ஓசிஆர், எடெக்ஸெல் என்று வேறு வாரியங்களும் உண்டு. பாடம் பெரிய அளவில் மாறாது, தாளின் அமைப்பு மாறும். ஏக்யூஏ-வில் மூன்று தாள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். முதல் இரண்டும் தலா 105, மூன்றாவது 90, ஆக மொத்தம் 300. எல்லாம் இயர் 13 முடிவில்தான். இரண்டு வருடம் படித்ததையும் ஒரே மூச்சில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அத்தை மகனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "சாய்ஸ் உண்டா?" கிடையாது. அவனுடைய 70 மதிப்பெண் தாளில் 'எவையேனும் ஆறு வினாக்களுக்கு விடையளி' என்ற வரி இருக்கும். இங்கே அந்த வரியே இல்லை. பிடிக்காத பாடத்தை விட்டுவிட்டுப் போகலாம் என்று கனவிலும் நினைக்க முடியாது.

அப்புறம் பிராக்டிகல். இதைப் பற்றித்தான் பிள்ளைகளுக்கு அதிகக் குழப்பம். இரண்டு வருடத்தில் குறைந்தது பன்னிரண்டு சோதனைகள் செய்து, ஆய்வகக் குறிப்பேட்டில் பதிவுசெய்ய வேண்டும். அதற்கு மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி பெற்றார் என்று சான்றிதழில் தனியாக வரும், அவ்வளவுதான். மதிப்பெண் இல்லையே என்று பலர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் மூன்றாம் தாளில் 40 மதிப்பெண் செய்முறையைச் சுற்றித்தான். செய்தவருக்கு அது தானாக வரும்.

நான் செய்து கெடுத்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலை இன்னொன்றில் சொட்டுச் சொட்டாக விட்டு எவ்வளவு தேவைப்படுகிறது என்று அளக்கும் சோதனை. பியூரெட் என்ற அளவுக் குழாயில் அமிலம், கூம்புக் குடுவையில் 25 மில்லி சோடியம் ஹைட்ராக்சைடு, இரண்டு சொட்டு ஃபினாஃப்தலீன் என்ற நிறங்காட்டி. இளஞ்சிவப்பு மறையும் கணத்தில் நிறுத்த வேண்டும். இரண்டு அளவீடுகளாவது 0.10 மில்லிக்குள் ஒத்துவர வேண்டும். பக்கத்து மேசைப் பையனுக்கு மூன்றாவது தடவையிலேயே ஒத்துவந்துவிட்டது. எனக்கு 24.85, 25.30, 25.05 என்று ஊஞ்சலாடியது. ஐந்தாவது தடவையும் ஒத்துவராதபோது கண் கலங்கிவிட்டது. ஆசிரியை வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "குடுவையை எதால் கழுவினாய்?"

பெருமையாகச் சொன்னேன், சோடியம் ஹைட்ராக்சைடால் என்று. பியூரெட்டை அதில் ஊற்றப்போகிற கரைசலாலேயே கழுவ வேண்டும், பிப்பெட்டையும் அப்படியே என்று சொல்லியிருந்தார்களே, நான் ஒருபடி மேலே போய்க் குடுவையையும் அப்படிக் கழுவியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் குடுவைச் சுவரில் ஒட்டிய சில சொட்டுக் காரம் கணக்கில் வராமல் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. குடுவைக்கு வெறும் வாலைவடிநீர் போதும். தண்ணீர் எவ்வளவு சேர்ந்தாலும் உள்ளே இருக்கும் காரத்தின் மோல்களின் எண்ணிக்கை மாறாது. மோல் என்பதை அதுவரை வகுத்தல் கணக்காக மட்டும் பார்த்திருந்தேன். அது உண்மையில் குடுவைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு பொருள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வீட்டில் போய் அம்மாவிடம் புலம்பினேன். பியூரெட்டைக் குனிந்து கண் மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் அளவு தப்பும் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். "மருந்துக் கப்பை நாங்க எப்படிப் பார்க்கிறோம்னு நினைச்சே?" என்று கேட்டுவிட்டு அவர் ரசத்துக்குத் தாளிக்கப் போய்விட்டார்.

இயர் 12-இன் பிற்பாதியில் கரிம வேதியியல் வேகம் பிடிக்கும். வளைந்த அம்புக்குறி போட்டு வினை எப்படி நடக்கிறது என்று காட்ட வேண்டும். புரோமோஈத்தேனை ஹைட்ராக்சைடு தாக்குகிறது என்றால், அம்பு ஆக்சிஜனின் தனித்த எலக்ட்ரான் ஜோடியில் தொடங்கிக் கார்பனில் முடிய வேண்டும். நான் மைனஸ் குறியிலிருந்து கிளப்பினேன், மதிப்பெண் போயிற்று. சின்னத்தனமாகத் தோன்றும். ஆனால் அம்பு என்பது எலக்ட்ரான் ஜோடி நகரும் பாதை, குறி நகர்வதில்லையே. இது மனதில் பதிந்தபின் வினைவழிமுறைகளை நான் மனப்பாடம் செய்யவே இல்லை. வினைபொருட்களும் நிபந்தனைகளும் மட்டும் மனப்பாடம்தான், வேறு வழியில்லை. அறைச் சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டி, ஆல்கஹாலை நடுவில் வைத்துக் கோடுகள் இழுத்தேன். அமிலம் சேர்த்த பொட்டாசியம் டைகுரோமேட், ஆரஞ்சு போய்ப் பச்சை. உடனுக்குடன் வடித்தெடுத்தால் ஆல்டிஹைடு, ரிஃப்ளக்ஸில் (ஆவியைக் குளிரவைத்துத் திரும்பக் குடுவையிலேயே விழவைத்துக் கொதிக்கவிடுவது) வைத்தால் கார்பாக்சிலிக் அமிலம். பல் தேய்க்கும்போதுகூட அந்தச் சார்ட் கண்ணில் படும்.

இப்போது மேத்ஸ் தண்டனை. கெமிஸ்ட்ரித் தாள்களில் குறைந்தது 20 சதவீதம் கணக்குத் திறமைக்குத்தான். இயர் 12-இல் விகிதமும் அலகு மாற்றமும் தெரிந்தால் ஓட்டிவிடலாம். இயர் 13-இல் அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் வரும், கூடவே லாகரிதம் வரும். மேத்ஸ் எடுத்தவர்கள் தட்டிக்கொண்டே போனார்கள். எனக்குக் கால்குலேட்டரில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. பிஹெச் ஒன்று கூடினால் ஹைட்ரஜன் அயனியின் செறிவு பத்தில் ஒன்றாகிவிடும் என்பதைப் பிடித்துக்கொண்டு, பஃபர் (பிஹெச் எளிதில் மாறாத கரைசல்) கணக்குகளை நாளுக்கு நான்கு என்று ஒரு மாதம் போட்டேன். வந்துவிட்டது. ஆகவே மேத்ஸ் இல்லாமல் முடியும், ஆனால் அந்த ஒரு மாதத்தை எங்கிருந்தாவது கண்டுபிடிக்க வேண்டும். அலகுகள்தான் கடைசிவரை என்னைக் கவிழ்த்தன. ஒரு வினை தானாக நடக்குமா என்று கணக்கிடும் கிப்ஸ் சமன்பாட்டில் என்தால்பி (வெப்ப மாற்றம்) கிலோஜூலில் இருக்கும், என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) ஜூலில் இருக்கும். ஆயிரத்தால் வகுக்க மறந்தால் விடை எங்கோ போய் நிற்கும்.

மதிப்பெண் பேச்சு ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இயர் 12 முடிவில் பள்ளியே நடத்தும் தேர்வைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். அதை வைத்துத்தான் நீங்கள் என்ன கிரேடு வாங்குவீர்கள் என்று பள்ளி கணித்து, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுதும். எனக்கு அதில் சி. கெஞ்சிக் கூத்தாடி, செப்டம்பரில் இன்னொரு டெஸ்ட் எழுதி, பி என்று போட வைத்தேன். மருத்துவம் போன்ற சில படிப்புகளுக்கு விண்ணப்பக் கெடு அக்டோபர் நடுவிலேயே, மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் இருக்கும். பெரியம்மா போனில், "கெமிஸ்ட்ரி எடுத்ததே டாக்டருக்குத்தானே?" என்றார். இல்லை பெரியம்மா, பார்மசிக்கு என்றேன். "மெடிக்கல் ஷாப்பா?" என்று கேட்டு அமைதியாகிவிட்டார். நான்கு வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடப் பயிற்சி என்று விளக்கியும் அந்த அமைதி போகவில்லை.

இயர் 13 கஷ்டம் என்பார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. இடைநிலை உலோகங்கள் வந்த அன்று, வெளிர்நீலக் காப்பர் சல்பேட் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். முதலில் நீல மாவுபோல ஒரு வீழ்படிவு. இன்னும் விட விட அது கரைந்து, மயில் கழுத்து நிறத்தில் ஆழ்ந்த நீலம். யாரும் பேசவில்லை. மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிக்க உதவும் என்எம்ஆர் படங்கள் எனக்குக் குறுக்கெழுத்துப் புதிர் மாதிரி. எத்தனாலில் ஒரு தொகுதி மூன்றாகவும் இன்னொன்று நான்காகவும் பிளந்து நின்றால், பக்கத்துக் கார்பனில் முறையே இரண்டு, மூன்று ஹைட்ரஜன் என்று எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். பஸ்ஸில்கூடப் போட்டுக்கொண்டிருப்பேன்.

தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்றாம் தாளில் 30 மதிப்பெண் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ஒரு மதிப்பெண்தானே என்று கடைசிக்கு வைத்தேன். அதில் பாதி நீளக் கணக்குகள். நேரம் பற்றாமல் நான்கைந்தைக் குருட்டாம்போக்கில் அடித்தேன். 2024 ஆகஸ்ட் 15 காலை ரிசல்ட் வந்தது: பயாலஜியில் ஏ, சைக்காலஜியில் ஏ, கெமிஸ்ட்ரியில் பி. பார்மசி இடம் உறுதியாகிவிட்டது. அம்மா நைட் டியூட்டி முடித்து வந்து, யூனிஃபார்மோடு உட்கார்ந்து கேசரி கிளறினார்.

பல்கலைக்கழகத்துக்கும் அதே பழைய ஆய்வகக் கோட்டைத்தான் எடுத்துப்போனேன். அதன் வலது கைப்பகுதியில் சில்வர் நைட்ரேட் கறை, எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. முதல் வார லேபில் டைட்ரேஷன் வைத்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டிலைத் திறந்து கூம்புக் குடுவையில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்ற ஆரம்பித்தாள். வாலைவடிநீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.