(அ) முதல் (உ) வரை

நான் எழுதியவை நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பெயர் மட்டும் என்னுடையது இல்லை, அந்தந்தக் காலத்து இணையமைச்சர்களுடையது. மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் அசிஸ்டென்டாகச் சேர்ந்து அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றேன். அந்த 33 வருடத்தில் எத்தனை பி.க்யூ.வுக்கு டிராஃப்ட் போட்டிருப்பேன் என்று எண்ணியதில்லை. பி.க்யூ. என்றால் பார்லிமென்ட் கொஸ்டின். கூட்டத்தொடர் நடக்கும் மாதங்களில் வீட்டில் அந்த இரண்டு எழுத்தைச் சொன்னால் போதும், வீட்டுக்காரர் தானாகவே எழுந்து போய் குக்கரை வைத்துவிடுவார்.

கடந்த கூட்டத்தொடருக்கு முன்னால் அண்ணன் மகன் போன் செய்தான். ஒரு மக்களவை உறுப்பினரிடம் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறான். "அத்தை, ஒரு அன்ஸ்டார்ட் கொஸ்டின் எழுதியிருக்கேன், பாத்துட்டுச் சொல்றீங்களா?" என்றான். அன்ஸ்டார்ட் என்றால் நட்சத்திரமில்லாதது, எழுத்தில் மட்டும் பதில் வரும் கேள்வி. வாட்ஸ்அப்பில் வந்தது இது:

"பின்தங்கிய மாவட்டங்களில் மாணவியர் விடுதிகள் கட்டப்படாமல் ஏழைப் பெண்கள் வஞ்சிக்கப்படுவது அரசின் கவனத்திற்கு வந்துள்ளதா? வந்திருந்தால், இதைச் சரிசெய்ய அரசு எடுத்துவரும் நடவடிக்கைகள் என்ன?"

"எப்படி இருக்கு அத்தை?"

"இதுக்குப் பத்து நிமிஷத்துல பதில் எழுதிட்டு நான் டீ குடிக்கப் போயிடுவேன்டா."

பாவம், அவனுக்கு முகம் சுண்டியிருக்கும். அவன் கோபம் நியாயமானதுதான். அந்த உறுப்பினரின் தொகுதியில் அடிக்கல் நாட்டிய விடுதி ஒன்று அடிக்கல்லோடு நிற்கிறது, கல்வெட்டில் ஆடு முதுகு சொறிந்துகொள்கிற போட்டோகூட அனுப்பினான். ஆனால் கோபத்தைக் கேள்வியில் போட முடியாது. மக்களவை விதி 41 அதை அனுமதிப்பதில்லை. கேள்வியில் வாதம் கூடாது, ஊகம் கூடாது, கிண்டல் கூடாது, அடைமொழி கூடாது, பழிச்சொல் கூடாது. 150 வார்த்தைக்கு மேல் போகவும் கூடாது. "வஞ்சிக்கப்படுவது" மக்களவைச் செயலகத்திலேயே அடிபட்டுப் போகும்.

அது போனாலும் மிச்சமிருக்கிற "கவனத்திற்கு வந்துள்ளதா", "நடவடிக்கைகள் என்ன" இரண்டும் எங்களைப் போன்றவர்களுக்குத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த வெற்றிலை பாக்கு. ஆண்டறிக்கையின் மூன்றாவது அத்தியாயத்தை எடுத்து, "பெண் கல்விக்கு அரசு மிக உயர்ந்த முன்னுரிமை அளித்து வருகிறது" என்று தொடங்கி, நாலு திட்டத்தின் பெயரைப் போட்டு முடித்துவிடலாம். அதில் ஒரு வரிகூடப் பொய் இருக்காது. கேட்டவருக்கு உபயோகமான வரியும் இருக்காது.

பொய் இருக்காது என்பதை அழுத்திச் சொல்கிறேன். அவையில் வைத்த பதிலில் தப்பு இருந்தால் அமைச்சர் அதே அவையில் திருத்த அறிக்கை வைக்க வேண்டும், உரிமைமீறல் நோட்டீஸ் வரை போகலாம். அதனால் அனுபவமுள்ள செக்ஷனில் யாரும் பொய் எழுத மாட்டார்கள். கேள்வியில் உள்ள சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுவார்கள். வித்தை அங்கேதான்.

இன்னொரு வித்தை, தலைப்பில் போட்டிருப்பது. கேள்வி ஐந்து உட்பிரிவாக வரும், நம் எழுத்தில் சொன்னால் (அ), (ஆ), (இ), (ஈ), (உ). (இ)க்கு நேர்ப்பதில் சொன்னால் வம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். "(அ) முதல் (உ) வரை" என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட வேண்டியதுதான். படிப்பவர் முடிவுக்கு வரும்போது (இ) எங்கே போனது என்பதே மறந்துபோகும். ஒரு நட்சத்திரமில்லாக் கேள்வியின் பதிலைப் படிக்கும்போது, ஒவ்வொரு உட்பிரிவுக்கும் தனித்தனியாகப் பதில் இருக்கிறதா, மூட்டை கட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். மூட்டை என்றால் உள்ளே ஏதோ ஒளிந்திருக்கிறது.

நடைமுறை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, நட்சத்திரமில்லாதது 230. முந்தையது பச்சைத் தாளில் அச்சாகும், பிந்தையது வெள்ளைத் தாளில். 15 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், எது முதலில் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். ஒரு உறுப்பினர் பெயரில் ஒரு நாளைக்கு ஐந்து கேள்விக்கு மேல் பட்டியலில் வராது, அதில் ஒன்றுக்குத்தான் நட்சத்திரம். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் வரும். அதனால் ஜே.எஸ். என்கிற இணைச் செயலாளர் முதல் செக்ரட்டரி வரை எல்லோரும் நடுங்குவார்கள், துணைக் கேள்விக்கென்று கல்யாண ஆல்பம் கனத்தில் ஒரு ஃபோல்டர் தயாராகும். டிவியில் வருவது அதுதான். ஆனால் என் அனுபவத்தில் உண்மையான எண்கள் வெளியே வந்தது வெள்ளைத் தாளில்தான். மேலிடத்துப் பயம் குறைவு, அதனால் மறைக்கிற புத்தியும் குறைவு.

நான் சேர்ந்த புதிதில் இருந்த செக்ஷன் ஆபீசர் ஒரு வங்காளி. நான் தமிழ்நாடு என்று தெரிந்ததும், "உங்க ஊர் டி.டி.கே.வுக்கு வினை எங்கே ஆரம்பிச்சதுன்னு தெரியுமா? ஒரு பி.க்யூ.ல" என்றார். 1957 செப்டம்பரில் மக்களவையில் எல்.ஐ.சி. முதலீடு பற்றி ஒரு கேள்வி. பதில் பிடி கொடுக்காத பதில். டிசம்பரில் காங்கிரஸ் எம்.பி. பெரோஸ் காந்தி அதே விஷயத்தைக் கையில் எடுத்தார். தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளில் எல்.ஐ.சி. பங்கு வாங்கிய கதை முழுக்க வெளியே வந்தது, நீதிபதி சாக்ளா விசாரித்தார், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா. "அதனால டிராஃப்ட்ல ஒவ்வொரு வார்த்தையையும் தட்டிப் பாத்துப் போடு" என்று முடித்தார். அவர் அதை எனக்குச் சொன்னது அமைச்சரைக் காப்பாற்றத்தான். கேட்கிறவர்களுக்கும் அதே பாடம் பொருந்தும் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது.

2020 செப்டம்பர். கொரோனாவைச் சொல்லிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்துவிட்டார்கள். எழுத்துப்பூர்வ பதில் மட்டும் மிஞ்சியது. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்டதற்கு, அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் தந்தது. இழப்பீடு பற்றிய அடுத்த உட்பிரிவுக்கு, மேற்கண்டதைக் கருத்தில் கொண்டு "கேள்வி எழவில்லை" என்று பதில். நாடே கொதித்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்ததற்குக் காரணம் வேறு. "கேள்வி எழவில்லை" நான் கை கூசாமல் நூறு தடவை எழுதிய வரி.

அதே கூட்டத்தொடரில், ஒரு வாரத்துக்குள், மாநிலங்களவையில் ரயில்வேயிடம் இன்னும் குறுகலாக ஒரு கேள்வி போனது. ஊர் திரும்பும் தொழிலாளர்களுக்காக விட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள்? வந்த பதில், மாநில போலீஸ் தந்த தகவல்படி செப்டம்பர் 9 வரை 97 பேர். நாட்டில் மொத்தம் எத்தனை என்றால் தரவு இல்லை. ரயில் என்று ஒரு பெட்டிக்குள் வைத்துக் கேட்டால், அந்தப் பெட்டிக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், அவரிடம் ஒரு ஃபைல் இருக்கிறது.

மலக்குழி மரணங்களில் இது இன்னும் கொடுமையாகத் தெரியும். 2021 ஜூலை கடைசியில் மாநிலங்களவையில் ஒரு பதில், கையால் மலம் அள்ளுவதால் எந்த மரணமும் பதிவாகவில்லை என்று. அடுத்த வாரமே அதே அவையில் இன்னொரு பதில், பாதாளச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் செய்யும்போது 1993 முதல் இறந்தவர்கள் 941 பேர், அதில் அதிகம் தமிழ்நாட்டில், 213. இரண்டும் ஒரே அமைச்சகம். எப்படி? 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையால் மலம் அள்ளுவதற்கு ஒரு வரையறை, பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் இறங்குவதற்கு "அபாயகரமான துப்புரவு" என்று தனி வரையறை. முதல் சொல்லைப் போட்டுக் கேட்டால் பூஜ்யம், இரண்டாவதைப் போட்டால் 941. 1993 எங்கிருந்து வந்தது என்றால், அந்த வருடம் முதல் இறந்தவர்களின் குடும்பங்களைக் கண்டறிந்து தலா 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. பணம் கொடுக்க வேண்டுமென்றால் கணக்கு வைத்தாக வேண்டுமே. கணக்கு எங்கே இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், எந்த உத்தரவால் யார் கணக்கு வைக்கக் கட்டாயப்பட்டிருக்கிறார்கள் என்று தேட வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி அவன் கேள்வியைத் திரும்ப எழுதவைத்தேன். முதலில் திட்டத்தின் பெயர், அமைச்சகத்தின் சொந்த வழிகாட்டு நெறியில் இருக்கிறபடி எழுத்து பிசகாமல். பிறகு காலமும் இடமும், "கடந்த ஐந்து நிதியாண்டுகளில், மாநில வாரியாக, ஆண்டு வாரியாக". பிறகு, நான் ரொம்ப நேரம் பிடிவாதம் பிடித்தது மூன்று வினைச்சொற்களுக்கு. அனுமதிக்கப்பட்ட தொகை, விடுவிக்கப்பட்ட தொகை, செலவிடப்பட்ட தொகை.

"எல்லாம் ஒண்ணுதானே அத்தை?"

"அனுமதிச்சது பேப்பர்ல. விடுவிச்சது மாநிலத்தோட கணக்குல. செலவானதுதான் செங்கல். தனித்தனியாக் கேளு. இல்லேன்னா பெரிய எண்ணா இருக்கறதை மட்டும் கொடுப்போம்."

கொடுப்போம் என்று சொன்னதைக் கவனித்தான். சிரித்தான். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் வாயில் அதுதான் வருகிறது.

(ஈ)யில், அனுமதி கிடைத்து மூன்று ஆண்டுக்கு மேலாகியும் பணி தொடங்காத விடுதிகள், மாவட்டப் பெயருடன். (உ)வில், பணத்தைச் செலவழித்ததற்கு மாநிலம் தர வேண்டிய பயன்பாட்டுச் சான்றிதழ் நிலுவையில் உள்ளவை எத்தனை. ஆட்டுக்கும் கல்வெட்டுக்கும் கேள்வியில் இடமில்லை. "உப்புச்சப்பில்லாம இருக்கே" என்றான். இருக்கட்டும் என்றேன்.

ஒரு பாவத்தையும் இங்கே இறக்கிவைத்துவிடுகிறேன். அப்போது நான் செக்ஷன் ஆபீசர். மாற்றுத்திறனாளிகளுக்கான பணியிடங்களில் எத்தனை காலி என்று ஒரு உறுப்பினர் கேட்டிருந்தார். எங்களுக்குக் கீழே 40 சொச்சம் அலுவலகங்கள், மூன்றைத் தவிர எல்லாவற்றிலிருந்தும் எண் வந்து என் மேஜையில் இருந்தது. கூட்டிப் பார்த்தால் நன்றாக இல்லை. மேலிருந்து ஃபைல் திரும்பி வந்தபோது என் அட்டவணையின் மேல் பென்சிலில் ஒரு கோடு, பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: மூன்று அலுவலகம் பாக்கிதானே? பேனாவால் எழுதவில்லை, பென்சில். பிறகு அழித்துவிடலாம் அல்லவா. நான் அழித்துவிட்டு, "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் தாக்கல் செய்யப்படும்" என்று டைப் அடிக்கக் கொடுத்தேன். இந்தி மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு அந்த வரி மனப்பாடம், அரை நிமிடத்தில் திரும்பி வந்தது.

அந்த வரிக்கு ஒரு விலை உண்டு. அப்படி எழுதினால் அது அஷ்யூரன்ஸ், அரசு அவைக்குக் கொடுத்த உறுதிமொழி. மக்களவையில் 1953லிருந்து இதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் குழுவிடம் நீட்டிப்பு கேட்க வேண்டும். நாங்கள் கேட்டோம், திரும்பவும் கேட்டோம். கடைசியில் அந்த அட்டவணை அவையில் வைக்கப்பட்டபோது இரண்டரை வருடம் ஆகியிருந்தது. கேட்ட உறுப்பினர் நடுவில் வந்த தேர்தலில் தோற்று ஊருக்குப் போய்விட்டார். நான் அன்று கூட்டிப் பார்த்த எண்ணுக்கும் வைத்த எண்ணுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

அண்ணன் மகன் கேள்விக்கு வருகிறேன். முதல் வாரம் குலுக்கலில் வரவில்லை. அவனுக்குச் சோர்வு. தேதியை மாற்றி அப்படியே திரும்பப் போடச் சொன்னேன். இரண்டாம் முறை வெள்ளைத் தாளில் வந்துவிட்டது. பதில் வந்த அன்று சாயங்காலம் போன், குரல் அழாத குறை.

"அத்தை, (அ) முதல் (உ) வரைன்னு போட்டு ஒரே வரி. தகவல் திரட்டப்பட்டு வருகிறதாம். தாக்கல் செய்யப்படுமாம். அவ்ளோதான்."

"முன்னுரிமை, முயற்சின்னு எதுவும் எழுதலியே?"

"இல்ல."

"அப்ப கேள்வி கெட்டியா இருந்திருக்கு. தப்பிக்க வழி இல்லாம அவகாசம்தான் வாங்கியிருக்காங்க. தேதி என்ன, சொல்லு."

சொன்னான். கரோல்பாக் மளிகைக் கடை கொடுத்த காலண்டரில் மூன்று தாள் தள்ளி அந்தத் தேதியில் வட்டம் போட்டேன். அன்றைக்குள் வராவிட்டால் உறுதிமொழிக் குழுவுக்கு உறுப்பினர் லெட்டர்ஹெட்டில் கடிதம் போக வேண்டும், டிராஃப்ட் நான் தருகிறேன் என்றேன்.

"மூணு மாசத்துல வந்துடும்ல அத்தை? உங்க காலத்துல எல்லாம் எவ்ளோ நாள் ஆகும்?"

குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.