வண்டி வரும் என்றார், பாதை உண்டு என்று எழுதினேன்

வணிக நிர்வாகவியல் இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, கல்லூரியின் கட்டாயப் பணிப் பயிற்சிக்காக நாகர்கோவிலில் உள்ள ஒரு நிலத் தரகு அலுவலகத்தில் எட்டு வாரம் வேலை செய்தேன். தினமும் ஒரு குறிப்பேடு எழுத வேண்டும் என்பது கல்லூரியின் நிபந்தனை. நடந்தது என்ன, ஏன் அப்படிச் செய்தேன், மறுபடி செய்ய நேர்ந்தால் எப்படிச் செய்வேன் என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். முதல் மூன்று வாரப் பக்கங்களை இப்போது புரட்டினால் "இன்று நான்கு மனைகளைப் படம் எடுத்தேன்", "இன்று ஆறு பேருக்கு விவரம் அனுப்பினேன்" என்ற வரிகள்தான் இருக்கின்றன. கேள்விகள் என்னிடம் எதைக் கேட்கின்றன என்பதே அப்போது எனக்குப் புரிந்திருக்கவில்லை. நான்காம் வாரத்தில் நான் செய்த ஒரு தவறுதான் அதைப் புரிய வைத்தது. பெரும்பாலும் அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன், எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிலம் எப்படிப் பேசப்படுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையில் கிரவுண்டு என்பார்கள், இங்கே எல்லாம் சென்ட்தான். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நூறு சென்ட் ஓர் ஏக்கர். ஆனால் பட்டாவில் அளவு ஹெக்டேரிலும் ஏரிலும் (ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர்) இருக்கும். பத்திரத்தில் 8 சென்ட் என்று எழுதியிருக்கும் ஒரு மனைக்குப் பட்டாவில் 3 ஏர் என்று இருந்தால், அது 7.41 சென்ட்தான். ஏறத்தாழ 256 சதுர அடி எங்கோ போயிருக்கிறது என்று பொருள். ஒரு சென்டுக்கே லட்சங்களில் விலை பேசும் இடத்தில் இது சிறிய வேறுபாடு அல்ல. இந்தக் கணக்கை அலுவலக உரிமையாளர் முதல் நாளிலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார். அவரை எல்லாரும் அண்ணாச்சி என்று அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன்.

இன்னொரு தனித்தன்மையும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூர் - கொச்சியின் பகுதியாக இருந்ததால், பழைய மூலப்பத்திரங்கள் பலவும் மலையாளத்தில் எழுதப்பட்டு, மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டைத் தாங்கியிருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பது. ஆகவே 1118 மகரம் (தை) என்றால் அது 1943ஆம் ஆண்டின் சனவரி - பிப்ரவரி என்று மாதத்தையும் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த முதிய பத்திர எழுத்தர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் இந்தத் தாள்களை யார் வாசிப்பார்கள் என்ற கவலை எனக்கு அந்த எட்டு வாரங்களில் வந்தது, இன்னும் போகவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். தக்கலைக்கு மேற்கே ஒரு கிராமத்தில், ரப்பரும் தென்னையும் நின்ற ஒரு விளையில், அதாவது தோட்ட நிலத்தில், 10 சென்ட் விற்பனைக்கு வந்தது. விற்பவர் முதியவர். நான் இருசக்கர வண்டியில் போய் மனையைப் படம் எடுத்துக்கொண்டு, விவரத்தாளுக்காக அவரிடம் கேள்விகள் கேட்டேன். "வழி எப்படிப் பாட்டா?" என்றதற்கு, "வண்டியெல்லாம் வரும் மக்களே" என்றார். நானே வண்டியில் வந்திருந்தேன், பாதையின் இரண்டு பக்கமும் கையாலை என்னும் எல்லைச் சுவர் இருந்தது, அகலம் பார்வைக்குப் பன்னிரண்டு அடி இருக்கும் என்று தோன்றியது. அலுவலகத்துக்குத் திரும்பி, "12 அடிப் பாதை உண்டு" என்று தட்டச்சு செய்தேன். அடுத்த வாரமே வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர் அந்த விவரத்தைப் பார்த்துவிட்டு, ஊரில் இருந்த தம் தாயையும் மனைவியையும் இடம் பார்க்க அனுப்பினார். அவர்களுக்கு இடம் பிடித்துவிட்டது. முன்பணத்துக்கு நாளும் குறித்தார்கள்.

முன்பணத்துக்கு முன் பத்திர நகல்களைப் பார்ப்பது அண்ணாச்சியின் வழக்கம். வில்லங்கச் சான்றில் பிழை எதுவும் இல்லை. அடமானம் இல்லை, முன்பே போட்ட கிரய ஒப்பந்தமும் இல்லை. ஆனால் வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும் என்பதையும், பதிவாகாத உடன்பாடு, வாய்ச்சொல், அண்டை வீட்டாரின் மனத்தாங்கல் எதுவும் அதில் தெரியாது என்பதையும் நான் அன்றுதான் உணர்ந்தேன். விற்பவரின் கிரயப் பத்திரத்தில் நான்கெல்லையும் தெளிவாக இருந்தது, பாதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அண்ணாச்சி மூலப்பத்திரத்தை வாங்கிவரச் சொன்னார். அது கொல்லம் ஆண்டு 1118இல் எழுதப்பட்ட மலையாளப் பாகப் பத்திரம். முதிய பத்திர எழுத்தர் ஒருவர் அதை மெல்ல வாசித்து, "நடைவழி என்று இருக்கிறது, அகலம் சொல்லவில்லை" என்றார்.

பிறகு அண்ணாச்சியும் நானும் பாதையை ஒட்டிய வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டுக்காரர் அமைதியாகவே விளக்கினார். முன்பு அது ஆள் நடக்கும் ஒற்றையடிப் பாதையாகத்தான் இருந்திருக்கிறது. அவர் தம் வீட்டைக் கட்டும்போது கல்லும் மணலும் இறக்குவதற்காகத் தம் கையாலையைத் தம் நிலத்துக்குள்ளேயே தள்ளி வைத்திருக்கிறார். பின்னாலிருந்த முதியவரும் அந்த அகலத்தைப் பயன்படுத்திக்கொள்வதை உறவு என்பதால் தடுக்கவில்லை. "அது எனக்க இடமாக்கும். அவருக்கு விட்டுக் குடுத்தேன், எல்லாருக்கும் எழுதிக் குடுக்கல்ல" என்றார். அவர் சொன்னதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை. வீடு கட்டப் போகும் குடும்பத்துக்குச் சிமெண்ட் லாரி உள்ளே வர வேண்டும். அந்தப் பாதையில் நடக்கும் உரிமை பழைய பத்திரத்தில் இருக்கிறது. லாரி வரும் அகலமோ அண்டை வீட்டாரின் மனசைப் பொறுத்திருக்கிறது. இடத்தை வாங்கிய பிறகு அவர் கையாலையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

வாங்க வந்த குடும்பத்திடம் இதைச் சொல்ல அண்ணாச்சி என்னையும் கூட்டிப் போனார். தாமே பேசி முடித்திருக்கலாம், ஆனால் எழுதியவர் சொல்ல வேண்டும் என்று என்னைப் பேசச் செய்தார். நான் சொல்லி முடித்ததும் அந்த அம்மா கோபப்படவில்லை. "நீ அந்த வழியில நடந்து பாத்தியா மக்களே?" என்று மட்டும் கேட்டார். இல்லை. வண்டியில் போனேன், வண்டியில் திரும்பினேன். நடந்திருந்தால் கையாலை புதிது என்பது கண்ணில் பட்டிருக்கும். பாதையின் நடுவில் பழைய கையாலையின் அடிக்கற்கள் ஒரு வரிசையாக மண்ணில் புதைந்து கிடந்தன. இரண்டாம் முறை அண்ணாச்சியோடு நடந்தபோதுதான் நான் அவற்றைப் பார்த்தேன்.

அண்டை வீட்டார் பாதை உரிமையை எழுதித் தர ஒப்புக்கொண்டார், அதற்கு ஒரு தொகை கேட்டார். அந்தத் தொகையை விலையில் குறைக்க விற்பவர் சம்மதிக்கவில்லை. பேரம் முறிந்தது.

அன்றிரவு குறிப்பேட்டில் நான் எழுதிய முதல் வரி, "விற்பவர் உண்மையை மறைத்துவிட்டார்" என்பது. ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தபோது அது பொய் என்று தெரிந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. வண்டி வரும் என்றார், வண்டி வரத்தான் செய்தது. "வரும்" என்ற அவருடைய சொல்லை "உண்டு" என்று மாற்றி, பார்வைக் கணக்கை அளவாக்கி, ஓர் அண்டை வீட்டாரின் பெருந்தன்மையை மனையின் சொத்தாக எழுதியது நான். ஏன் அப்படிச் செய்தேன் என்ற இரண்டாவது கேள்விக்கு அன்றுதான் நேர்மையாகப் பதில் எழுதினேன். விவரத்தாளில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதை நான் விரும்பவில்லை. "தெரியாது" என்று எழுதுவது என் திறமைக் குறைவைக் காட்டும் என்று அஞ்சினேன்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கல்லூரியில் ஒரு பாடமாகப் படித்திருந்தேன். பதிவு பெற்ற திட்டங்களில் விற்பனை செய்யும் முகவரும் பதிவு பெற வேண்டும், தவறான தகவல் தரக் கூடாது என்பதெல்லாம் தேர்வுக்குப் பாடமாக இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின்படி திட்டத்தைப் பதிவு செய்யும் கட்டாயம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்துக்கோ எட்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கோதான் வருகிறது. 500 சதுர மீட்டர் என்பது 12 சென்டுக்குச் சற்று மேல். ஒரு முதியவர் தம் விளையிலிருந்து 10 சென்டை விற்பதற்கு அந்தக் காவல் கிடையாது. எங்கள் அலுவலகத்துக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட ஒற்றை மனைகளே. அங்கே வாங்குபவர் தரகரின் சொல்லை நம்பித்தான் முதல் அடியை வைக்கிறார். அந்தச் சொல்லை இருபது வயதுள்ள நான் மேசையில் உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் தட்டச்சு செய்திருந்தேன் என்பது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

அதன்பின் நான் விவரத்தாளை மாற்றியமைத்தேன். ஒவ்வொரு விவரத்துக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுத ஒரு கட்டம் சேர்த்தேன். பத்திரம், பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்), விற்பவர் சொன்னது, நானே அளந்தது என்று அதில் குறிக்க வேண்டும். நாஞ்சில் நாட்டுப் பக்கத்து மனைகளுக்காகத் தண்ணீருக்கும் ஒரு கட்டம் வைத்தேன். இதற்குக் காரணம் ஒரு தேநீர்க் கடைக்காரர். சானல்கரையை, அதாவது பாசனக் கால்வாயின் கரையை ஒட்டி, முன்பு வயலாக இருந்து மண் நிரப்பப்பட்ட ஒரு மனையைப் பார்க்கப் போயிருந்தோம். கும்பப்பூ என்னும் நெல் பருவத்தின் அறுவடை முடிந்து வயல்களும் உலர்ந்து கிடந்த நேரம், மனை தரை போல் இறுகியிருந்தது. அண்ணாச்சி எதிரே இருந்த கடையில் தேநீர் வாங்கிக்கொண்டு, 2021 நவம்பர் மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டார். கடைக்காரர் எழுந்து வந்து, சுவரில் தம் இடுப்புக்குச் சற்றுக் கீழே கையை வைத்துக் காட்டினார். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. குளத்துக்கும் வயலுக்கும் சானலுக்கும் இடையே தண்ணீர் போகும் வழி எந்தப் பட்டாவிலும் இராது. மண்ணைப் போட்டு மேடாக்கினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும் என்பதையும் அந்தக் கடைக்காரர்தான் சொன்னார். சுசீந்திரம் - தேரூர் ஈரநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததை நான் பறவைகளுக்கான செய்தியாக மட்டுமே வாசித்திருந்தேன். சுற்றியுள்ள ஒவ்வொரு மனையின் மழைக்காலத்தோடும் அதற்குத் தொடர்பு உண்டு என்று அந்தச் சுவரைப் பார்த்தபோதுதான் தோன்றியது.

புதிய விவரத்தாளில் காலிக் கட்டங்கள் அதிகம் இருந்தன. அதைப் பார்த்து ஓரிருவர் விலகியும் போனார்கள். அண்ணாச்சி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி வாரத்தில் இரணியல் பக்கம் ஒரு மனைக்கு நான் எழுதிய குறிப்பு இது: "சாலையிலிருந்து மனைக்குப் பாதை, நீளம் 38 அடி. நானே நாடா பிடித்து அளந்ததில் மிகக் குறுகிய இடத்தில் அகலம் 9 அடி 4 அங்குலம். விற்பவரின் பத்திரத்தில் பாதை எழுதப்பட்டிருக்கிறது, அகலம் எழுதப்படவில்லை. மேற்கு வீட்டாரிடம் இன்னும் கேட்கவில்லை." அண்ணாச்சி அதை வாசித்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மறுநாள் காலை மேற்கு வீட்டாரைப் பார்க்க இருவரும் போனோம். சாலையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம்.