வெட்ட அனுமதி கேட்டுப் போனேன்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. வீட்டை வாங்கும்போதே அது பெரிய மரம்தான். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, தொடை பருமனுள்ள கிளை ஒன்று முறிந்து அம்மா படுக்கிற அறையின் கூரைமேல் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து காற்றடித்தால் போதும், அம்மா எழுந்து கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். "எடுத்துடுப்பா, பயமா இருக்கு" என்று அவர் சொன்ன பிறகு நான் வேறெதையும் யோசிக்கவில்லை.

மரம் வெட்டுகிறவர் வந்து பார்த்துவிட்டு, இரண்டு நாள் வேலை என்றார். அனுமதி வாங்க வேண்டாமா என்று கேட்டேன். "உங்க இடம், உங்க மரம். யார் சார் கேட்கப்போறாங்க?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இருந்தாலும் எதற்கும் கேட்டுவிடுவோம் என்று மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். நிலம் நம்முடையதாக இருந்தாலும், தண்டு குறிப்பிட்ட அளவுக்கு மேல் பருத்துவிட்டால் அது பாதுகாக்கப்பட்ட மரம். வெட்டுவதற்கு மட்டுமல்ல, பெரிய கிளைகளைக் கழிப்பதற்கும் அனுமதி வேண்டும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

விண்ணப்பத்தில் முதல் சறுக்கல் அளவெடுப்பதிலேயே வந்தது. தரையோடு ஒட்டி, வேர் புடைத்திருக்கிற இடத்தில் நாடாவைச் சுற்றி அளந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். மார்பு உயரத்தில் அளக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த உயரம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எங்களுக்குச் சொன்னது தரையிலிருந்து 1.3 மீட்டர். அங்கே அளந்தபோது சுற்றளவு 2.9 மீட்டர் வந்தது. படிவம் கேட்டதோ விட்டம். சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம்: ஏறக்குறைய 92 சென்டிமீட்டர். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் பாதுகாப்பு தேவையில்லாத மரத்துக்கு அனுமதி கேட்டு அலைவீர்கள், அல்லது தேவையான மரத்தைக் கேட்காமலே வெட்டிவிடுவீர்கள். கூடவே வீட்டுப் பத்திர நகல், மரம் எங்கே நிற்கிறது என்று காட்டும் வரைபடம், நாலு பக்கத்திலிருந்தும் படங்கள். தண்டு எல்லைக்கோட்டின் மேல் நின்றால் பக்கத்து வீட்டுக்காரரின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். எங்கள் மரம் எல்லையிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே இருந்தது.

காரணம் என்ற கட்டத்தில் மூன்று விஷயம் எழுதினேன். இலை கொட்டுகிறது, வேர் மதிலைத் தள்ளுகிறது, கிளை விழுமோ என்று பயமாக இருக்கிறது. மூன்று வாரம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. இலை கொட்டுவது காரணமாகாது. மதிலை மாற்றிக் கட்டலாம். கிளையைக் கழிக்கலாம். ஆபத்து என்றால் வல்லுநர் அறிக்கை வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மாவின் பயத்தை ஒரு அலுவலகம் எப்படி அளக்க முடியும் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் மரங்களை ஆய்வு செய்கிற வல்லுநர் ஒருவரை அழைத்தேன். அவர் மரத்தைப் பார்ப்பதற்கு முன் அம்மாவின் அறையைப் பார்த்தார். "ஆபத்து மரத்துல மட்டும் இல்ல, கீழே யார் இருக்காங்கங்கிறதுலயும் இருக்கு. அனுமதி வர்ற வரைக்கும் கட்டிலை முன்னறைக்கு மாத்துங்க" என்றார். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. எனக்கு அதுவரை தோன்றவே இல்லையே என்று வருத்தமாக இருந்தது. அன்றைக்கே மாற்றினோம்.

பிறகு நைலான் சுத்தியலால் தண்டைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். எல்லா இடத்திலும் கெட்டியான சத்தம். தண்டில் பொந்து இல்லை, அடியில் காளான் இல்லை, மரம் சாயவும் இல்லை. கேடு மேலே இருந்தது. எங்களுக்கு முன் இருந்தவர்கள் எப்போதோ ஒரு பெரிய கிளையை நடுவில் மொட்டையாக வெட்டியிருக்கிறார்கள். அந்த முனை உளுத்துப்போய், அதன் விளிம்பிலிருந்து நாலைந்து புதுக்கிளைகள் கிளம்பிப் பெருத்திருந்தன. விழுந்த கிளை அதில் ஒன்று. இப்படி முளைப்பவை தண்டின் உள்ளிருந்து வருவதில்லை, பட்டைக்கு அடியிலிருந்து மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. கனம் ஏறினால் பிய்ந்துவிடும். மரத்துக்கு நம்மைப் போலக் காயம் ஆறாது, கெட்ட பகுதியைச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டு அதற்கு வெளியே வளரும் என்று விளக்கினார். அமெரிக்க விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்துப் பார்த்துச் சொன்னது அது. அதனால்தான் எங்கே வெட்டுகிறோம் என்பது அவ்வளவு முக்கியம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சுருக்கம் விழுந்த ஒரு வளையம் தெரியும். அதைத் தொடாமல் அதற்கு வெளியே வெட்டினால் மரம் தானாக மூடிக்கொள்ளும். தண்டோடு ஒட்ட வெட்டினாலும் கேடு, குச்சி நீட்டிக்கொண்டிருக்க விட்டாலும் கேடு. தார் பூச வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

மதிலுக்கும் வழி சொன்னார். மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல் மண்ணில், அரை மீட்டர் ஆழத்துக்குள்தான் பரவியிருக்கும், கிளைப் பரப்பையும் தாண்டிப் போகும். மதிலுக்காகத் தடித்த வேரை வெட்டினால் இப்போது உறுதியாக நிற்கிற மரத்தை நாமே சாய்க்கிற மாதிரி. வேருக்கு இரண்டு பக்கமும் தூண் எழுப்பி, மேலே குறுக்கு விட்டம் வைத்து மதிலைக் கட்டச் சொன்னார்.

இரண்டாவது விண்ணப்பத்தில் "மரத்தை அகற்ற" என்று எழுதவில்லை. மூன்று கிளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், தரையிலிருந்து உயரம், வெட்டும் இடத்துப் பருமன், காரணம். படங்களில் வெட்டும் இடத்தைச் சிவப்புக் கோட்டால் காட்டினோம். எடுக்கப்போவது உயிருள்ள கிளைப் பரப்பில் கால் பங்குக்கும் குறைவு என்று அறிக்கை சொன்னது. யாராவது விண்ணப்பிக்கப் போவதாக இருந்தால் அறிக்கையை முதலிலேயே இணையுங்கள். நான் அதைச் செய்யாததால் இரண்டு மாதம் போயிற்று. மரம் சாய்ந்து வீட்டுமேல் கிடக்கிறது என்பது போன்ற அவசரம் வேறு விஷயம். பல ஊர்களில் உடனே வெட்டலாம், ஆனால் வெட்டுவதற்கு முன் படம் எடுத்து, உடனே தகவல் கொடுத்துவிட வேண்டும்.

ஆய்வாளர் வந்தார். நாங்கள் எழுதியதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். வாசலில் அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபம் இருந்தால் சொல்ல இரண்டு வாரம் கொடுத்தார்கள். ஒன்று வந்தது: இரண்டாவது கிளையில் காக்கைக்கூடு இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் எழுதியிருந்தாள். ஏணி வைத்துப் பார்த்தால் உண்மை, குஞ்சுகள் இருந்தன. அவை பறக்கும் வரை கிளையைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. ஐந்து வாரம் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு எனக்குக் கஷ்டமாக இல்லை.

வெட்டும் நாளில் அனுமதிக் கடிதத்தைத் தண்டில் கட்டித் தொங்கவிட்டோம். ஆள் கயிற்றில்தான் ஏறினார். ஆணி வைத்த காலணி உயிருள்ள மரத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு காயம் போடும் என்பதால் அதற்குத் தடை. முதலில் அடியில் ஒரு சின்ன வெட்டு, கொஞ்சம் தள்ளி மேலிருந்து இரண்டாவது. கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் கயிற்றில் தொங்கி இறங்கியது. மூன்றாவது வெட்டு அந்த வளையத்தை ஒட்டி. இறக்கிய கிளையின் அடிப்பகுதியில் விரலை வைத்து அழுத்தினேன். முதல் மூட்டு வரை உள்ளே போனது. பொடியாக உதிர்ந்தது, உள்ளிருந்து எறும்புகள் வந்தன. வெளியே பட்டை பச்சையாக, இலையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"சார், அந்தக் கிளையையும் எடுத்துடலாம், பார்க்க அழகா இருக்கும்" என்று மேலிருந்து குரல் கேட்டது. பட்டியலில் இல்லை, வேண்டாம் என்றேன்.

வேலை முடிந்த படங்களை அனுப்பினேன், கோப்பு முடிந்தது. எட்டு மாதம் ஆகிறது. வெட்டிய வாயைச் சுற்றி உதடு மாதிரி புதுப்பட்டை விரல் தடிமனுக்கு உருண்டு வந்திருக்கிறது. கட்டில் பழைய அறைக்கே திரும்பிவிட்டது. ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பிறகும் மேலே இருக்கிற கவட்டையில் வெடிப்பு விடுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் வல்லுநர். போன வாரம் ராத்திரி முழுக்கக் காற்று. காலையில் நான் கொல்லைக்குப் போவதற்குள் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அங்கே நின்றிருந்தார். "பார்த்துட்டேன்டா, ஒண்ணுமில்ல" என்றார்.